ஜெராக்ஸ் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் கலெக்டர் ஆபீஸ் போகிற வழியில் என் கடை. ஜெராக்ஸ், மனு எழுதுதல், ஆன்லைன் விண்ணப்பம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாள் என்பதால் அன்றைக்கு மட்டும் ஏழு மணிக்கே ஷட்டரைத் தூக்கிவிடுவேன். பத்தொன்பது வருடமாக ஊராரின் குறைகளை ‘மதிப்பிற்குரிய ஐயா’ போட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். மனு பிரிண்ட் ஆகி வருவதற்குள், மனுவில் எழுத முடியாத ஒன்றைக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை. நான் வக்கீல் இல்லை, சாமியாரும் இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பேங்கிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓடிபி கேட்டார்கள். சொல்லலாமா?

கூடாது. பின் (PIN) நம்பரும் அப்படித்தான்; பணம் உங்களுக்கு வர அது தேவையே இல்லை. பின் போடச் சொன்னால் பணம் போகப்போகிறது என்று அர்த்தம். போய்விட்டதா? அழுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், முதலில் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐக் கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் இன்னொருவன் கணக்கிலிருந்து வெளியேறுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு. மறுநாள் காலையில் என் கடைக்கு வந்து கேட்பது தாமதம்.

வீடியோ காலில் போலீஸ் உடுப்பில் ஒருவர் வந்து, ‘உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, நீங்கள் டிஜிட்டல் அரெஸ்டில் இருக்கிறீர்கள்’ என்கிறார். நிஜமாக இருந்துவிட்டால்?

இருக்காது. டிஜிட்டல் அரெஸ்ட் என்று நம் சட்டத்தில் எதுவும் கிடையாது. போலீசோ, சிபிஐயோ, கோர்ட்டோ வீடியோ காலில் யாரையும் கைது செய்வதில்லை. ‘கணக்கைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறோம்’ என்று பணமும் வாங்குவதில்லை. 2024 அக்டோபரில் பிரதமரே தன் வானொலி உரையில் இதைச் சொல்லி எச்சரித்தார்.

பழையபேட்டைப் பக்கம் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஒன்றரை நாள் செல்போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். பாத்ரூம் போவதற்குக்கூட அனுமதி கேட்டாராம். முப்பது வருடம் பிள்ளைகளிடம் ‘கேட்டுட்டுப் போ’ என்று சொன்ன மனுஷன். பால் காசு வாங்க வந்த அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, ‘என்னங்க சார், போனுக்கு முன்னாடி கைகட்டி நிக்கறீங்க?’ என்று கத்தியிருக்கிறார். அந்த ஒரு சத்தத்தில் எதிர்முனை லைனைத் துண்டித்துவிட்டது. பணம் தப்பித்தது.

இவர்கள் போடுகிற முதல் நிபந்தனை எப்போதும் ஒன்றுதான்: யாரிடமும் சொல்லக் கூடாது. சார் படித்தவர், சட்டம் தெரிந்தவர். ஆனால் ‘என் பேரில் கேஸாம்’ என்று பக்கத்து வீட்டில் சொல்லக் கூச்சம். எத்தனை படித்திருந்தாலும் இந்தக் கூச்சத்துக்கு முன்னால் எல்லோரும் ஒன்றுதான்.

மச்சான் ஒரு கம்பெனியில் பணம் போடச் சொல்கிறார். 1 லட்சம் போட்டால் மாதம் 10 ஆயிரமாம். அவரே போட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார். எப்படி மறுப்பது?

முதலில் கணக்கு. மாதம் 10 ஆயிரம் என்றால் வருடத்துக்கு 1 லட்சத்து 20 ஆயிரம். போட்டதைவிட அதிகம். நம் ஊரில் மாந்தோப்பு வைத்திருக்கிற யாரையாவது கேளுங்கள். மா ஒரு வருடம் கொட்டிக் கொடுத்தால் அடுத்த வருடம் ஓய்வெடுத்துக்கொள்ளும். பூ எடுக்கிற நேரத்தில் மழை அடித்தால் போச்சு. எல்லாம் தப்பிப் பிழைத்து பெங்களூரா ரக மாங்காய் லாரியில் ஏறினாலும் கூழ் ஆலை வைக்கிறதுதான் விலை. நிலமும் மரமும் கிணறும் சொந்தமாக வைத்திருப்பவனுக்கே மாதாமாதம் இவ்வளவு என்று நிச்சயமில்லை. ஓர் அறையும் நாலு நாற்காலியும் வைத்திருப்பவன் எங்கிருந்து எடுத்துத் தருவான்? உங்களுக்குப் பின்னால் வருகிறவன் பணத்திலிருந்துதான். மச்சான் வாங்குவது நிஜம்; பின்னால் ஆள் வருகிற வரைக்கும் வாங்குவார்.

ஈமு கோழி வளர்க்கச் சொல்லிப் பணம் வாங்கிய கம்பெனிகள் ஞாபகம் இருக்கிறதா? 2012-ல் பெருந்துறைப் பக்கம் சரிந்தபோது இங்கேயும் கொட்டகை போட்டவர்கள் இருந்தார்கள். கம்பெனிக்காரர்கள் ஓடிவிட்டார்கள், பறவைகள் ஓட முடியாமல் பட்டினி கிடந்தன. தீவனம் போட அரசே இறங்க வேண்டியிருந்தது.

சரி, மறுப்பது எப்படி? கஷ்டமே அங்கேதான். தெரியாதவன் கேட்டால் ரசீது கேட்போம். தங்கச்சி புருஷன் கேட்டால் ரசீது கேட்கக் கூசும். ‘என்ன மாமா, என்மேல நம்பிக்கை இல்லையா’ என்று ஒரு வார்த்தை வந்தால் நம் வாய் அடைத்துவிடும். அதனால் பழியை என் மேல் போடுங்கள். ‘பதிவு எண்ணையும் ரசீதையும் போட்டோ எடுத்து அனுப்பு மாப்ளே, ஜெராக்ஸ் கடைக்காரர்கிட்ட காட்டிட்டுச் சொல்றேன்’ என்று சொல்லிவிடுங்கள். சீட்டாக இருந்தால் 1982-ம் வருடத்துச் சீட்டு நிதிச் சட்டப்படி ஒவ்வொரு சீட்டையும் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். இதுவரை இப்படிக் கேட்டு அனுப்பிய பத்தில் ஒன்பது மச்சான்கள் திரும்பி வரவில்லை. என்னைத் திட்டுகிறார்கள் என்று கேள்வி. திட்டிக்கொள்ளட்டும்.

நான் சேர்த்துவிட்டவர்கள் பணம் மூழ்கிவிட்டது. என் பணமும்தான் போனது. நான் அவர்களுக்குப் பொறுப்பா?

இதைக் கேட்டவரிடம் உடனே பதில் சொல்ல எனக்கு முடியவில்லை. காரணம் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு தீபாவளி பண்டில் சேர்ந்தேன். மாதம் 1,000 ரூபாய், 12 மாதம். தீபாவளிக்கு 2 கிராம் தங்கக் காசு, பட்டாசுப் பெட்டி, ஸ்வீட், ஒரு மூட்டை மளிகை. 10 பேரைச் சேர்த்துவிட்டால் நம் சீட்டு இலவசம். நான் 11 பேரைச் சேர்த்தேன். தம்பி சம்சாரம், காவேரிப்பட்டணத்தில் இருக்கிற டெய்லர், என் கடைக்கு எதிரில் பூ விற்கிற அக்கா, இப்படி. ஊருக்கெல்லாம் ஏமாற்றுப் புகார் எழுதிக் கொடுக்கிற நான், அந்த நோட்டீசின் மூலையில் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. தீபாவளிக்குப் பதினைந்து நாள் முன்பு ஆபீஸ் ஷட்டரில் இரண்டு பூட்டு தொங்கியது.

முதல் வாரம் நான் செய்தது, கேட்டவர்களிடமெல்லாம் ‘கொஞ்சம் பொறுங்க, வந்துடும்’ என்று சொன்னது. எனக்கே நம்பிக்கை இல்லாமல் சொன்னேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. சேர்த்துவிட்டது அறியாமை என்று வைத்துக்கொள்ளலாம். ‘பொறுங்க’ என்றது அறிந்தே சொன்னது. அந்த ஒரு வாரத்தில் புகார் கொடுக்க வேண்டியவர்கள் சும்மா இருந்தார்கள்.

அப்புறம் வீடு வீடாகப் போனேன். நிலைமையைச் சொன்னேன். என் சீட்டு இலவசம் என்ற விஷயத்தையும் சொன்னேன்; அதுவரை அது யாருக்கும் தெரியாது. தாங்க முடியாத மூன்று பேருக்கு முழுப் பணத்தையும் ஒரு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். எல்லோருக்கும் கொடுக்க என்னிடம் இல்லை. எல்லோர் பெயரிலும் பொருளாதாரக் குற்றப்பிரிவுக்கு நானே மனு எழுதினேன். முதலீட்டாளர்களைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 1997-லிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது. கம்பெனியின் சொத்தை முடக்கி, விற்று, போட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க அதில் வழி உண்டு. வருடக்கணக்கில் ஆகும், ஆனால் மனுவில் பெயர் இல்லாதவருக்கு ஒன்றும் வராது.

பூக்கார அக்கா பணம் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். ‘நீயுந்தானே தம்பி ஏமாந்த’ என்றார். ஆனால் அந்த மனுவுக்கு மூன்று பக்கம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தபோது, 6 ரூபாயை எண்ணி மேஜைமேல் வைத்தார். அதற்கு முன்னால் பதினோரு வருடமாக என் கடையில் ‘கணக்குல எழுதிக்கோ’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர்.

ஆகவே கேள்விக்குப் பதில்: கமிஷனோ, இலவசமோ, எது வாங்கியிருந்தாலும் முதலில் அதைத் திருப்பிக் கொடுங்கள். சட்டமும் சும்மா விடாது, கமிஷன் வாங்கிய ஏஜெண்டும் வழக்கில் சேர்க்கப்படலாம். மற்றவர் வாயிலிருந்து கேட்பதற்கு முன் நீங்களே போய்ச் சொல்லுங்கள். மீதியை எவ்வளவு ஈடு செய்ய முடியும் என்பது உங்கள் கையிருப்பைப் பொறுத்தது. அதை நான் அளந்து சொல்ல முடியாது.

கோயில் கலசம் இடி விழுந்து இரிடியமாகிவிட்டதாம். அரிசியை இழுக்கிறதாம். பார்த்தேன், நிஜமாகவே இழுத்தது!

இழுத்திருக்கும். அரிசியில் இரும்புத் தூளைப் பிசைந்து, கலசத்துக்குள் காந்தம் வைத்தால் என் வீட்டுச் சோற்றுப் பானையும் இழுக்கும். இரிடியம் என்பது நிஜமான உலோகம்தான், பிளாட்டின வகை. வண்டி ஸ்பார்க் பிளக்கில்கூடச் சிறிது வைக்கிறார்கள். செம்புக் கலசத்தில் இடி விழுந்தால் அது இரிடியமாக மாறாது. இடி விழுந்த செம்பாகத்தான் இருக்கும்.

மண்ணுளிப் பாம்பும் இதே கதை. அதன் வால் மழுங்கித் தலை மாதிரியே இருப்பது, எதிரி எந்தப் பக்கம் கொத்துவது என்று குழம்பட்டும் என்பதற்காக. பாம்பு தன் உயிருக்காகச் செய்கிற தந்திரத்தை வைத்து மனிதன் ‘இருதலைப் பாம்பு, கோடி ரூபாய்’ என்று வியாபாரம் பண்ணுகிறான். அதைப் பிடிப்பதும் விற்பதும் 1972-ம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

இந்த இரண்டிலும் ஏமாந்தவர்கள் புகார் மனு எழுத என்னிடம் வருவதே அபூர்வம். வந்தாலும், ‘கைமாத்தா குடுத்தேன்னு எழுதுங்க’ என்பார்கள். கோயில் சொத்தை வாங்கப் போனேன் என்று எழுத முடியாதே. ஏமாற்றுகிறவன் நம் ஆசையை மட்டும் நம்பி இறங்குவதில்லை, பிறகு நம் வாய் திறக்காது என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறான்.

பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக வாட்ஸாப்பில் குரல் பதிவு வந்தது. பொய்யாக இருந்தாலும் எச்சரிக்கைதானே, அனுப்பினால் என்ன தப்பு?

2018 மே மாதம், பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் அருகே குலதெய்வம் கோயிலைத் தேடிக் காரில் வந்த குடும்பம் ஒன்று வழி கேட்க நின்றது. காரிலிருந்த அறுபத்தைந்து வயது அம்மா குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் என்று ஊர் கூடி அடித்ததில் அந்த அம்மா இறந்துபோனார். அப்போது தமிழ்நாடு முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்ததும் இதே மாதிரி ‘எச்சரிக்கை’தான். அந்த ஆண்டு ஜூலையில்தான் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு மேல் பகிர முடியாதபடி வாட்ஸாப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

அனுப்பியவர்கள் எல்லோரும் நல்லெண்ணத்தில் அனுப்பியவர்கள். அவர்களில் யாரும் கட்டையை எடுக்கவில்லை. உங்களுக்கு வந்தால் ஸ்டேஷனுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். குழுவில் பெரியவர் அனுப்பியிருந்தால் ‘பொய்’ என்று எல்லோர் முன்னும் சொல்லச் சங்கடம். தனியாக அவருக்குப் போன் செய்து, ‘பெரியப்பா, ஸ்டேஷன்ல கேட்டேன், அப்படி ஒண்ணும் இல்லையாம், நீங்களே எடுத்துடுங்க’ என்றால் எடுத்துவிடுவார். என் பெரியப்பா எடுத்தார். மறுநாள் வேறொன்று அனுப்பினார், அது வேறு விஷயம்.

யாரோ தவறி என் நம்பருக்கு 8,000 அனுப்பிவிட்டாராம். ஆஸ்பத்திரிக் காசு என்று அழுகிறார். திருப்பி அனுப்புவதுதானே நியாயம்?

நியாயம்தான். ஆனால் பணம் நிஜமாக வந்ததா என்று முதலில் பேங்க் ஆப்பில் இருப்பைப் பாருங்கள். வந்திருக்கிற எஸ்எம்எஸ்ஸை நம்பாதீர்கள், அது அவரே தட்டியதாக இருக்கலாம். இது பேராசைக்காரனுக்கு வைக்கிற பொறி இல்லை, நல்ல மனசுக்கு வைக்கிற பொறி.

நிஜமாகவே வந்திருந்தால், அவரைத் தன் பேங்கில் புகார் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்களும் உங்கள் பேங்கில் சொல்லிவிடுங்கள். அவர் சொல்கிற வேறொரு நம்பருக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். அது எங்கோ ஏமாந்த ஒருவரின் பணமாக இருந்தால், இடையில் கைமாற்றிவிட்ட உங்கள் கணக்கை முடக்குவார்கள். இதோடு ஒன்று: ‘உன் அக்கவுண்டைக் கொடு, மாதம் 5,000 தருகிறோம்’ என்று காலேஜ் பசங்களிடம் கேட்கிறார்கள். வேலைக்குப் போகும் முன்பே கேஸில் போவதற்கு இதைவிடக் குறுக்குவழி இல்லை.

ஓட்டுக்குக் காசு வாங்கிக் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டேன். மாற்றிப் போட்டால் பாவமா?

ஒவ்வொரு தேர்தலுக்கும் இரண்டு மூன்று பேராவது கேட்கிறார்கள், பெரும்பாலும் வயதான பெண்கள். கேட்பவர்களைப் பார்த்துச் சிரிப்பவர்களை எனக்குப் பிடிக்காது. சொன்ன சொல் தவறக் கூடாது என்று பயப்படுகிறவர்கள் அவர்கள். அந்தப் பயத்தை 500 ரூபாய்க்கு வாடகைக்கு எடுத்தவன்தான் வெட்கப்பட வேண்டும்.

சட்டப்படி ஓட்டுக்குக் காசு கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். ஓராண்டு வரை சிறை. குற்றத்துக்காகச் செய்த ஒப்பந்தம் சட்டத்தின் கண்ணில் செல்லாது. யாருக்குப் போட்டீர்கள் என்று அந்த மெஷின் யாரிடமும் சொல்லாது. சாமி விஷயம்? என் அபிப்பிராயம், தப்பான காரியத்துக்கு வாங்கிய சத்தியத்தைச் சாமி எழுதி வைத்துக்கொள்ளாது. உறுத்தினால் காசைக் கொடுத்தவனிடமே திருப்பிக் கொடுங்கள். ஓர் அம்மா உண்டியலில் போட்டுவிட்டதாகச் சொன்னார். அது வேறு யாரோ கொடுத்த லஞ்சத்தை மூன்றாவது ஆளிடம் கொடுத்த மாதிரி இருக்கிறது என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

மாம்பழக் கடை வைத்திருக்கிறேன். எல்லோரும் கல் வைத்துத்தான் பழுக்க வைக்கிறார்கள். நான் மட்டும் வைக்காவிட்டால் வியாபாரம் படுத்துவிடுமே?

கார்பைடு கல்லுக்குத் தடை இருக்கிறது. அதிலிருந்து வருகிற வாயுவோடு ஆர்சனிக், பாஸ்பரஸ் கழிவும் சேர்ந்து வரும் என்பதுதான் காரணம். ஆனால் ‘கல் இல்லையென்றால் வைக்கோல்தான், பத்து நாள்தான்’ என்பது பழைய கணக்கு. எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவு வரைக்கும் பயன்படுத்த உணவுப் பாதுகாப்பு விதியே அனுமதிக்கிறது. பழம் தானாகப் பழுக்கும்போது வெளிவிடுகிற வாயுதான் அது. எத்திலீன் அறை வைத்திருப்பவர்களிடம் வாடகைக்கு வைத்து எடுக்கலாம். செலவு கூடும், பொய் இல்லை.

ஒரு பழக்கடைத் தம்பி இதைக் கேட்டுக்கொண்டே தன் வீட்டுக்கென்று தனியாக ஒரு பை கட்டிக்கொண்டிருந்தான். வைக்கோலில் பழுத்த செந்தூரா. ‘அது எதுக்கு தனியா?’ என்றேன். பதில் சொல்லவில்லை, காதுவரை சிவந்தான்.

ரேஷன் அரிசியை வாங்கி வெளியே விற்றால் தப்பா? நாங்கள் அதைச் சாப்பிடுவதில்லை.

தப்பு. நம் எல்லை மாவட்டத்தில் அந்த அரிசி எந்தப் பக்கம் போகிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேண்டாமென்றால் சர்க்கரை அட்டையாக மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்கலாம், நானே போட்டுத் தருகிறேன். மாத்திரை வாங்க வழியில்லாமல் 5 கிலோ விற்கிற பாட்டியை நான் இதில் சேர்க்கவில்லை. காரில் வந்து வாங்கிப் போகிறவர்களைச் சொல்கிறேன்.

ஜெராக்ஸில் பிறந்த வருடத்தை மட்டும் மாற்றித் தர முடியுமா? பொண்ணுக்கு நல்ல இடம் அமைந்திருக்கிறது.

இதைக் கேட்டது ஒரு அம்மா. பள்ளி டிசியின் நகல், வெள்ளை மை, ஒரு கறுப்புப் பேனா, எல்லாம் கையோடு கொண்டுவந்திருந்தார். பெண் பதினொன்றாம் வகுப்பு, வயது பதினாறு. ஒரே ஒரு எண்ணைத்தான் மாற்றச் சொன்னார். ‘நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், நான் எழுதறேன், நீங்க காப்பி மட்டும் எடுங்க’ என்றார்.

முடியாது என்றேன். வேறு கடைக்குப் போனார். நான் அடுத்தவரின் ஆதாரை மெஷினில் வைத்தேன். என் கை சுத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றரை வருடம் கழித்து ராயக்கோட்டை பஸ்ஸில் அந்த அம்மாவைப் பார்த்தேன். பக்கத்தில் அந்தப் பெண், மடியில் கைக்குழந்தை. பெண் என்னைத் தெரியாமல் பார்த்தது. அம்மா தெரிந்தும் தெரியாத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் திரும்பிக்கொண்டேன்.

குழந்தைகள் உதவிக்கு 1098 என்று ஓர் எண் இருக்கிறது. அன்றைக்கும் இருந்தது. சொன்னவர் பெயரை வெளியே விட மாட்டார்கள். 2006-ம் வருடத்துக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி திருமண வயது பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. குறைந்த வயதில் திருமணம் நடத்தி வைப்பவர்களுக்கு 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். மாப்பிள்ளைப் பையன்மீது போக்சோ வழக்கும் வரும். தாலி கட்டிவிட்டேன் என்பது அதில் காப்பாற்றாது. 18 வயதுக்குக் கீழ் இருப்பவள் மனைவியாகவே இருந்தாலும் அவளோடு உறவு கொள்வது பாலியல் வன்கொடுமைதான் என்று உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரில் சொல்லிவிட்டது. இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும். அடுத்தவர் வீட்டு நல்ல காரியத்தில் எப்படி மூக்கை நுழைப்பது என்று கூசியது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை 1098-க்குப் போன் செய்திருக்கிறேன். ஒன்று நின்றது. இன்னொன்றில் அதிகாரிகள் போவதற்குள் குலதெய்வம் கோயிலில் காலையிலேயே முடித்துவிட்டிருந்தார்கள். அந்தக் குடும்பம் இப்போது என் கடைக்கு வருவதில்லை. யார் சொன்னது என்று அவர்களுக்குத் தெரியாது. வேறு ஏதோ காரணமாக இருக்கலாம்.

மாற்றித் தர முடியுமா என்றால், முடியாது. இப்போதெல்லாம் அதோடு நிறுத்துவதில்லை. உட்கார வைத்து, பிளஸ் டூ முடித்தால் என்னென்ன உதவித்தொகை கிடைக்கும் என்று கம்ப்யூட்டரில் காட்டுகிறேன். சிலர் கேட்கிறார்கள். சிலர் சில்லறை வாங்காமலே எழுந்து போகிறார்கள்.

இதற்கெல்லாம் நீங்கள் காசு வாங்குவீர்களா?

மனு எழுத 50 ரூபாய். ஜெராக்ஸ் பக்கத்துக்கு 2 ரூபாய். சைபர் புகார் பதிவுக்கும் 1098-க்குப் போன் போடுவதற்கும் காசு இல்லை. கேள்விக்கும் இல்லை. ஆனால் திங்கட்கிழமை பதினோரு மணிக்கு முன்னால் கேள்வியோடு வராதீர்கள், கூட்டம் ரோடு வரைக்கும் நிற்கும். எதிரில் பூக்கார அக்காவிடம் ஸ்டூல் இருக்கிறது, கேட்டு வாங்கி உட்காருங்கள். என் பெயரைச் சொல்லாமல் கேட்டால் நல்லது.